வானில் பதியும் சுவடு
கையடக்க ஜி.பி.எஸ். கருவியும் மாதேஸ்வரன் மலை வான்வெளியும்

மணலில் வண்டி சென்றால் சக்கரத் தடம் விழுகிறது. நீரில் படகு சென்றாலும் அதன் பின்னே நுரைவரி சிறிது நேரம் நின்று மறைகிறது. மாதேஸ்வரன் மலைக்கு மேலே பறந்து செல்லும் சிறு விமானமோ யாதோர் அடையாளத்தையும் விட்டுச் செல்வதில்லை. அது எந்த முகட்டை எவ்வளவு உயரத்தில் கடந்தது, எந்தப் பள்ளத்தாக்கில் காற்று அதனைக் கீழே இழுத்தது, விமானி எந்த இடத்தில் திசை மாறினார் என்பனவெல்லாம் அவருடைய நினைவில் மட்டுமே தங்கின. நினைவோ பதற்றமான நேரங்களில் மிகுதியும் பிறழக்கூடியது. உள்ளங்கையில் அடங்கும் ஜி.பி.எஸ். கருவி வந்த பின்னர் இந்நிலை மாறியது. விமானி பொத்தான் எதனையும் அழுத்தாமலேயே, அவர் சென்ற வழி முழுவதும் புள்ளி புள்ளியாகக் கருவியின் நினைவகத்தில் பதிந்துவிடுகிறது. தரையிறங்கிய பின் அப்புள்ளிகளைப் படத்தின்மீது இட்டுப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாமல் மறைந்த சுவடு மீண்டும் தோன்றுகிறது.

ஆயினும் அச்சுவடு சொல்வதையெல்லாம் அப்படியே ஏற்றுக்கொள்ள முடியாது. அதனைப் படிக்கத் தெரிய வேண்டும். மலைநாட்டில் அதனைத் தவறாகப் படிப்பதன் விளைவு சிறியதன்று.

மாதேஸ்வரன் மலை இன்று கர்நாடக மாநிலத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ளது. 1997-இல் அம்மாவட்டம் பிரிக்கப்படும்வரை அது மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1956-ஆம் ஆண்டு மாநிலங்கள் திருத்தியமைக்கப்படுமுன் கொள்ளேகால் வட்டாரம் சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தோடு இணைந்திருந்தது என்பதை முதியோர் அறிவர். புலிமீது அமர்ந்த மாதேஸ்வரரை வழிபட ஈரோடு, சேலம், தருமபுரிப் பகுதிகளிலிருந்து மக்கள் இன்றும் திரளாகச் செல்கின்றனர். மலையைச் சூழ்ந்த காடு 2013-இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு ஏறத்தாழ 906 சதுர கிலோமீட்டர்.

விமானியின் கண்ணுக்கு இந்த இடம் வேறு விதமாகத் தோன்றுகிறது. மைசூர் விமான நிலையத்திலிருந்து சேலம் விமான நிலையத்துக்குப் படத்தில் ஒரு நேர்கோடு இழுத்தால் அதன் நீளம் ஏறத்தாழ 162 கிலோமீட்டர், அதாவது 87 கடல் மைல். அக்கோடு முதலில் பிளிகிரிரங்கன் மலைத்தொடரைக் கடக்கிறது. பின்னர் மாதேஸ்வரன் மலைக் கோயிலுக்குத் தெற்கே சுமார் 10 கிலோமீட்டர் தள்ளிச் சென்று, மேட்டூர் ஸ்டான்லி நீர்த்தேக்கத்தின்மேல் இறங்குகிறது. முழுக்கொள்ளளவில் அந்நீர்ப்பரப்பு கடல்மட்டத்துக்குமேல் ஏறத்தாழ 240 மீட்டர் உயரத்தில் உள்ளது. கோயில் மலையோ ஏறத்தாழ 3,000 அடி உயரமுடையது. பிளிகிரிரங்கன் தொடரில் 1,800 மீட்டரை எட்டும் முகடுகள் உண்டு. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இந்தப் பயணத்தில் தரை இவ்வளவு ஏறி இறங்குகிறது. நேர்கோட்டில் நாற்பது நாற்பத்தைந்து கல் தொலைவுக்குள் இத்தனை மேடுபள்ளம் அமைந்திருப்பதால், இவ்வழியைப் பறத்தற் பதிவின் குணங்குறைகளை விளக்குவதற்கு ஏற்ற எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

பதிவு என்னும் எண்ணம் ஜி.பி.எஸ். கருவிக்கு மிகவும் முற்பட்டது. இஞ்சினில்லா விமானங்களில் உயர வரைவி என்னும் சிறு பெட்டியை வைத்தனுப்புவது பழைய வழக்கம். கடிகாரப் பொறியால் மெல்லச் சுழலும் உருளையின்மீது புகைக்கரி படிந்த தாளைச் சுற்றியிருப்பர். காற்றழுத்தம் குறையக் குறைய ஓர் ஊசி அக்கரியின்மேல் கோடு கீறிச் செல்லும். போட்டியில் ஒருவர் எட்டிய உயரத்துக்கு அக்கோடே சாட்சி. பெரிய விமானங்களுக்குரிய பதிவுக் கருவியின் கதை சோகம் கலந்தது. ஆஸ்திரேலிய விஞ்ஞானி டேவிட் வாரனின் தந்தை 1934-இல் ஒரு விமான விபத்தில் மாண்டார். மெல்போர்னிலிருந்த வானூர்தி ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய வாரன், 1950-களில் விமானியின் குரலையும் கருவிகளின் அளவுகளையும் ஒருங்கே பதியும் சாதனத்தை வகுத்தார். கறுப்புப் பெட்டி என்று உலகம் அதனை அழைத்தாலும், இடிபாடுகளிடையே எளிதில் தென்படும்பொருட்டு அதற்குப் பூசப்படும் வண்ணம் ஆரஞ்சே.

அத்தகைய பெட்டி ஒன்று எவ்வளவு பேச வல்லது என்பதைத் தமிழகம் அண்மையில் கண்டது. 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் சூலூரிலிருந்து வெலிங்டனுக்குச் சென்ற விமானப்படை ஹெலிகாப்டர் குன்னூர் அருகே மலைச்சரிவில் வீழ்ந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட அதிலிருந்த 14 பேரும் அவ்விபத்தின் விளைவாக உயிரிழந்தனர். பறத்தற் பதிவியையும் குரற் பதிவியையும் ஆய்ந்த முப்படை விசாரணைக் குழு தன் முதற்கட்ட முடிவை 2022 ஜனவரியில் வெளியிட்டது. எந்திரக் கோளாறோ நாசவேலையோ கவனக்குறைவோ அன்று, பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராது மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்தினுள் நுழைந்தது, விமானிக்குத் திசையுணர்வு தடுமாறியது, நல்ல நிலையில் இயங்கிக்கொண்டிருந்த ஊர்தியே தரையில் மோதியது என்று அக்குழு கூறிற்று. பதிவு இல்லாதிருந்தால் ஊகங்களே எஞ்சியிருக்கும். சிறு விமானங்களிலும் நுண்ணிலகு விமானங்களிலும் அத்தகைய விலையுயர்ந்த பெட்டிகள் பெரும்பாலும் இருப்பதில்லை. அவற்றில் பறப்போருக்குக் கையடக்கக் கருவியின் எளிய பதிவே பல வேளைகளில் கிடைக்கும் ஒரே சான்று.

கருவி இயங்கும் முறையைச் சுருங்கக் கூறலாம். தரைக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக் கோள்கள் தம்மிடமுள்ள அணுக் கடிகாரங்களின் நேரத்தை இடைவிடாது ஒலிபரப்புகின்றன. அச்செய்தி வந்து சேர எடுத்துக்கொள்ளும் காலத்தைக் கொண்டு கருவி தொலைவைக் கணிக்கிறது. காலத்தில் ஒரு மைக்ரோ வினாடி பிழைத்தால் தொலைவில் 300 மீட்டர் பிழைக்கும். நான்கு கோள்களேனும் தென்பட்டால் இடமும் உயரமும் சரியான நேரமும் ஒருங்கே கிடைக்கின்றன. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை பொதுமக்களுக்கான ஒலிபரப்பில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழை 2000-ஆம் ஆண்டு மே மாதம் நீக்கப்பட்டது. அதுவரை 100 மீட்டர் அளவில் இருந்த ஐயப்பாடு அதன்பின் 10 மீட்டர் அளவுக்குக் குறைந்தது. கார்மின் போன்ற நிறுவனங்களின் கையடக்க விமானக் கருவிகள் தனியார் விமானிகளிடையே பெருகியதற்கு அது பெரிதும் துணைசெய்தது. எனினும் கையடக்கக் கருவி விமானத்தோடு பொருத்திச் சான்றளிக்கப்பட்ட கருவிக்கு ஈடாகாது. படத்தையும் கண்ணையும் கொண்டு பறப்பவருக்கு அது துணையாக மட்டுமே அமையலாம்.

புள்ளிகளும் இடைவெளிகளும்

பதிவை முதன்முதலாகத் திறந்து பார்ப்பவரைத் திடுக்கிட வைக்கும் காட்சி ஒன்று உண்டு. விமானம் மலையைத் துளைத்துக்கொண்டு சென்றதுபோலக் கோடு தெரியும். பாதுகாப்பாகத் தரையிறங்கிய விமானி அருகிலேயே நின்றுகொண்டிருப்பார்!

காரணம் எளியது. கருவி பதிவது புள்ளிகளை மட்டுமே. புள்ளிகளை இணைக்கும் கோடு நாம் இட்டுக்கொள்வது. மணிக்கு 90 கடல் மைல் வேகத்தில் செல்லும் சிறு விமானம் வினாடிக்கு ஏறத்தாழ 46 மீட்டர் நகர்கிறது. முப்பது வினாடிக்கு ஒரு புள்ளி என்று கருவியை அமைத்திருந்தால், இரு புள்ளிகளுக்கிடையே ஏறக்குறைய 1,400 மீட்டர் இடைவெளி விழும். பாலாற்றுப் பள்ளத்தாக்கின் வளைவைப் பின்பற்றி, ஒரு மலைமூக்கைச் சுற்றிக்கொண்டு விமானி சென்றிருக்கலாம். அவ்வளைவு முழுவதும் அந்த 1,400 மீட்டருக்குள் அடங்கிப்போக, நேர்கோடு மலைமூக்கை ஊடறுத்துச் செல்லும். ஐந்து வினாடிக்கு ஒரு புள்ளி எனின் இடைவெளி 230 மீட்டர். ஒரு வினாடிக்கு ஒன்று எனின் 46 மீட்டர். மலைநாட்டில் ஒரு வினாடி இடைவெளியையே கொள்ளுதல் நலம்.

அதற்கும் ஒரு விலை உண்டு. பத்தாயிரம் புள்ளிகளை மட்டுமே தாங்கும் பழைய கருவி ஒன்றில் ஒரு வினாடி இடைவெளி வைத்தால் 2 மணி 46 நிமிடத்தில் நினைவகம் நிரம்பிவிடும். அதன்பின் பல கருவிகள் புதிய புள்ளிக்கு இடங்கொடுக்கப் பழைய புள்ளியை அழிக்கின்றன. காலைப் பயணத்தைப் பிற்பகலில் ஆராய முற்படுபவர், புறப்பட்ட பகுதி காணாமற்போயிருப்பதைக் கண்டு வருந்துவார். ஆகவே ஒவ்வொரு பயணம் முடிந்ததும் பதிவை வெளியே எடுத்துச் சேமித்துவிட வேண்டும். இக்காலக் கருவிகளில் இடப்பஞ்சம் குறைவாயினும், பல அலுவலகங்களில் பழைய கருவிகளே இன்னும் உழைக்கின்றன என்பது கள ஊழியர் அறியாததன்று.

பழைய கருவிகளைப் பற்றி மற்றொன்றையும் கூறிவிடலாம். ஜி.பி.எஸ். ஒலிபரப்பு 1980 ஜனவரி 6-ஆம் நாள் தொடங்கி வாரங்களை எண்ணி வருகிறது. அந்த எண் 1,024 வாரங்களுக்கு ஒருமுறை சுழியத்துக்குத் திரும்பும்படி அமைந்தது. 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அவ்வாறு திரும்பிற்று. அதற்கேற்பத் திருத்தப்படாத கருவி, இடத்தைச் சரியாகக் கூறிக்கொண்டே, தேதியை மட்டும் பத்தொன்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்தள்ளிக் காட்டும். பதிவில் உள்ள நேரம் உலகப் பொது நேரம் என்பதையும் மறத்தலாகாது. காலை 6 மணி 40 நிமிடத்துக்குப் புறப்பட்ட பயணம் பதிவில் 1 மணி 10 நிமிடம் என்றே நிற்கும். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள மறந்து, நள்ளிரவில் யாரோ பறந்ததாகக் கருதி விளக்கம் கேட்பது வீண் அலைச்சல்.

எந்தக் கடல்மட்டம்?

பதிவைப் படிப்பதில் மிகவும் சிக்கலானது உயரமே. தென்னிந்தியாவில் இச்சிக்கலுக்கு ஒரு தனித் தன்மையும் உண்டு. ஆகையால் இதனைச் சற்று விரிவாகவே காணுதல் தகும்.

முதலாவதாக, ஜி.பி.எஸ். கருவி தரும் உயரம் இயல்பாகவே கிடைநிலையைக் காட்டிலும் துல்லியம் குறைந்தது. கிழக்கிலும் மேற்கிலும் வடக்கிலும் தெற்கிலும் கோள்கள் இருக்கின்றன. ஆகவே ஒரு பக்கத்துப் பிழையை எதிர்ப்பக்கத்துக் கோள் ஓரளவு ஈடுசெய்கிறது. கீழே மட்டும் கோள் கிடையாது, பூமி மறைத்துக்கொண்டிருக்கிறது. இதனால் உயரத்தின் பிழை கிடைநிலைப் பிழையைப்போல் ஒன்றரை மடங்கு முதல் இரு மடங்குவரை இருக்கும்.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. கருவி கணக்கிடும் உயரம் கடல்மட்டத்திலிருந்து அளக்கப்பட்டதன்று. பூமிக்குப் பொருத்தமாகக் கணித முறையில் வகுக்கப்பட்ட, துருவங்களில் சற்றே தட்டையான ஒரு கோளவடிவத்திலிருந்து அளக்கப்பட்டது. உண்மையான கடல்மட்டம் அவ்வடிவத்தோடு முழுதும் ஒத்துப்போவதில்லை. பூமியினுள் பொருள் ஒரே சீராகப் பரவியிராமையால் ஈர்ப்பு இடத்துக்கிடம் வேறுபட, நீர்மட்டமும் ஓரிடத்தில் மேடாகவும் மற்றோரிடத்தில் தாழ்வாகவும் நிற்கிறது. உலகிலேயே மிகவும் தாழ்ந்த இடம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் உள்ளது. அங்கே கடல்மட்டம் கணித வடிவத்தைவிட 106 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. இத்தாழ்வுக்குக் காரணம் தேடிய பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த தேபாஞ்சன் பாலும் ஆத்ரேயி கோஷும், கடந்த 14 கோடி ஆண்டுகளில் பூமியின் உட்பகுதி நகர்ந்த விதத்தைக் கணிப்பொறியில் மீண்டும் நிகழ்த்திப் பார்த்து, ஆப்பிரிக்காவுக்கு அடியிலிருந்து எழுந்து பரவிய வெப்பமான, அடர்த்தி குறைந்த பொருளே காரணம் என்று 2023-இல் எழுதினர்.

அப்பள்ளத்தின் சரிவு தென்னிந்தியா முழுவதையும் தழுவியுள்ளது. மாதேஸ்வரன் மலைப் பகுதியில் அதன் அளவு சுமார் 90 மீட்டர். சென்னைக் கடற்கரையில் அலை காலை நனைக்க நிற்பவர் ஒருவரின் கருவி, திருத்தம் ஏதுமின்றிக் காட்டுமாயின், அவர் சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 90 மீட்டர் ஆழத்தில் நிற்பதாகவே கூறும்.

பெரும்பாலான கையடக்கக் கருவிகள் இத்திருத்தத்தைத் தாமே செய்து, திரையில் கடல்மட்ட உயரத்தைக் காட்டுகின்றன. ஆயினும் வெளியே எடுக்கப்படும் கோப்பில் எந்த உயரம் எழுதப்பட்டுள்ளது என்பது கருவிக்குக் கருவி வேறுபடும். இஞ்சினில்லா விமானப் போட்டிகளுக்கென வகுக்கப்பட்ட ஐ.ஜி.சி. கோப்பு முறையில் ஒவ்வொரு வரியிலும் நேரம், அட்சம், தீர்க்கம் ஆகியவற்றை அடுத்து இரண்டு உயரங்கள் இடம்பெறுகின்றன. ஒன்று காற்றழுத்தத்தால் அறிந்தது. மற்றொன்று ஜி.பி.எஸ். மூலம் கிடைத்தது. அப்பிந்தியது கணித வடிவத்திலிருந்து அளந்த, திருத்தப்படாத உயரம். இதனை அறியாதவர் கையில் பதிவு கிடைத்தால் விளைவு யாது? கடல்மட்டத்துக்குமேல் 950 மீட்டர் உயரமுள்ள முகட்டை ஒரு விமானம் 1,000 மீட்டரில் கடந்ததாகக் கொள்வோம். முகட்டுக்கும் அதற்கும் இடையே 50 மீட்டர் இருந்தது. திருத்தப்படாத பதிவோ 910 மீட்டர் என்று காட்டும். படத்தின்மேல் இட்டால் விமானம் பாறைக்குள் 40 மீட்டர் ஆழத்தில் சென்றிருக்கும். இத்தகைய பதிவைக் கண்டவுடன் பிழை எனத் தெரிந்துகொள்ளலாம். 200 மீட்டர் இடைவெளியில் பாதுகாப்பாகக் கடந்த விமானி, 110 மீட்டரில் கடந்ததாகக் குற்றம் சுமத்தப்படும்போதுதான் அப்பிழை எளிதில் புலப்படாமல் தீங்கு செய்கிறது.

மூன்றாவது சிக்கல் விமானத்தின் உயரமானியைச் சார்ந்தது. உயரமானி உண்மையில் ஒரு பாரமானி. அது அளப்பது காற்றின் அழுத்தத்தை. கடல்மட்டத்தில் 15 டிகிரி வெப்பமும் 1013.25 மில்லிபார் அழுத்தமும் உள்ள ஒரு கற்பனை வளிமண்டலத்துக்கு ஏற்ப அதன் முகப்பில் அடிகள் குறிக்கப்பட்டுள்ளன. நம் நாட்டு வளி அதனினும் வெப்பமானது. வெப்பக்காற்று விரிந்து நிற்பதால், அழுத்தத்தின் ஒவ்வொரு படியும் கற்பனை வளிமண்டலத்தில் இருப்பதைவிட உயரத்தில் அமைகிறது. 10 டிகிரி மிகுதிக்கு ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு என்பது விமானிகள் கைக்கொள்ளும் கணக்கு. 15 டிகிரி மிகுந்த கோடைப் பிற்பகலில், உயரமானி 2,000 மீட்டர் காட்டும்போது விமானம் உண்மையில் 2,110 அல்லது 2,120 மீட்டர் உயரத்தில் இருக்கலாம்.

இங்கே ஒரு விந்தை நிகழ்கிறது. திருத்தப்படாத ஜி.பி.எஸ். பதிவு அவ்வுயரத்திலிருந்து 90 மீட்டரைக் கழித்து 2,020 அல்லது 2,030 என்று எழுதும். உயரமானி கூறிய 2,000-த்துக்கு அது மிக நெருங்கியிருப்பதால், இரண்டும் ஒத்துப்போகின்றன, இரண்டும் சரியே என்று பார்ப்பவர் மகிழ்வார். உண்மையில் இரண்டும் ஒரே திசையில் ஏறக்குறைய ஒரே அளவு தவறியுள்ளன. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் கடல்மட்டம் கணித வடிவத்துக்கு மேலே நிற்பதால் இப்பொருத்தம் அங்கே தோன்றாது. வெளிநாட்டுக் கைநூலை மட்டும் கற்று வருபவர் இதனை எதிர்பார்க்கவும் மாட்டார்.

உயரத்தைப் பற்றிய ஐயம் உயர்ந்த இடங்களிலும் எழுவதுண்டு. 2005 நவம்பர் 26-ஆம் நாள் விஜய்பத் சிங்கானியா பம்பாயிலிருந்து வெப்பக்காற்றுப் பலூனில் எழுந்து உலக சாதனை நிகழ்த்தியபோது செய்தித்தாள்கள் 69,852 அடி என்று எழுதின. பன்னாட்டு வானூர்திக் கூட்டமைப்பின் ஏட்டில் நிலைபெற்றதோ 21,027 மீட்டர், அதாவது 68,986 அடி. எண்ணூறு அடிக்கு மேற்பட்ட வேறுபாடு. சாதனை சாதனையே. எனினும் நிகழ்ச்சியன்று வெளியாகும் எண்ணுக்கும் பதிவேட்டில் நிலைபெறும் எண்ணுக்கும் இடையே ஒரு தூரம் உண்டு என்பதற்கு இது நல்ல சான்று.

பழைய படங்களும் புதிய புள்ளிகளும்

1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலையருகே அடிக்கோடு ஒன்றை அளந்து, இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். அரை டன் எடையுள்ள தியோடலைட்டைக் குன்றுகளின்மேலும் கோபுரங்களின்மேலும் ஏற்றிச் சென்றனர். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது அக்கருவி மோதிச் சிதைந்த செய்தி பலர் அறிந்தது. அவ்வளவையின் பயனாக 1830-இல் ஜார்ஜ் எவரெஸ்ட் வகுத்த கோளவடிவத்தின்மீதே நம் நாட்டுப் படங்கள் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக வரையப்பட்டன. இந்தியாவுக்கு மிகப் பொருந்தும்படி அமைந்த வடிவம் அது. ஜி.பி.எஸ். முறையோ உலகம் முழுவதற்கும் பொதுவான டபிள்யூ.ஜி.எஸ். 84 வடிவத்தைக் கையாளுகிறது.

இரண்டின் அட்ச தீர்க்கங்களும் ஒன்றல்ல. மாதேஸ்வரன் மலை அமைந்துள்ள இடத்தில், அதாவது வட அட்சம் 12 பாகையையும் கீழ்த் தீர்க்கம் 77½ பாகையையும் ஒட்டிய பகுதியில், அவ்வேறுபாடு ஏறத்தாழ 200 மீட்டர். ஜி.பி.எஸ். தந்த எண்ணை வன அலுவலகச் சுவரில் தொங்கும் பழைய படத்தில் அப்படியே குறித்தால், நீரோடையின் இக்கரையில் கண்ட காட்டுத்தீ அக்கரைக்குச் சென்றுவிடும். சமவெளியில் 200 மீட்டர் ஒரு வயலின் அகலம். மலையில் அது ஒரு பள்ளத்தாக்குக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வேறுபாடாக முடியலாம். தீயணைக்கப் புறப்பட்ட குழு தவறான சரிவில் ஏறி, இறங்கி, மீண்டும் ஏற நேரும். கருவியின் அமைப்புப் பட்டியலில் எவரெஸ்ட் ஆதாரத்தளத்தைத் தெரிந்தெடுத்துக்கொள்வது ஒரு வழி. 2005-ஆம் ஆண்டுத் தேசியப் படக் கொள்கைக்குப் பின்னர் இந்திய நில அளவைத் துறை வெளியிட்ட பொதுவரிசைப் படங்கள் டபிள்யூ.ஜி.எஸ். 84 முறையிலேயே அமைந்துள்ளமையால் அவற்றைப் பயன்படுத்துவது அதனினும் நல்ல வழி. எதனைச் செய்தாலும், பதிவின் தலைப்பில் ஆதாரத்தளத்தின் பெயரை எழுதி வைக்காவிடின் அடுத்து வருபவர் குழம்புவது உறுதி.

காற்றைக் காட்டும் கண்ணாடி

பிழைகளை மட்டுமே கூறிக்கொண்டு போவது கருவிக்கு நீதி செய்வதாகாது. விமானத்தின் வேகமானி காற்றினூடே செல்லும் வேகத்தைக் காட்டுகிறது. ஜி.பி.எஸ். தரைமீது செல்லும் வேகத்தைத் தருகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடே காற்று. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஒரு நாளில் மைசூரிலிருந்து சேலத்துக்குச் செல்லும் விமானத்தின் பதிவு 105 நாட் எனவும், திரும்பி வரும்போது 75 நாட் எனவும் காட்டினால், இரண்டின் சராசரியான 90 விமானத்தின் சொந்த வேகம், வேறுபாட்டில் பாதியான 15 காற்றின் வேகம். போக 50 நிமிடம், வர 70 நிமிடம், ஆக 2 மணி. காற்றேயில்லாத நாளில் இரு வழிக்கும் 116 நிமிடம் போதும். போகும்போது காற்று தந்த உதவி வரும்போது முழுதும் திரும்பப் பெறப்படுவதோடு, மேலும் நான்கு நிமிடம் வட்டியாகச் செல்கிறது. எட்டாம் வகுப்பு மாணவர்கள் இதற்குக் காரணம் காண முற்படட்டும்.

திரும்பும் வழியில் பதிவு மற்றொன்றையும் வெளிப்படுத்தும். மேற்கிலிருந்து வரும் காற்று பிளிகிரிரங்கன் தொடரைத் தாண்டியதும் மறுபுறச் சரிவில் கீழ்நோக்கிப் பாய்கிறது. எதிர்க்காற்றில் மெதுவாக வரும் விமானம் அச்சரிவை நெருங்கும்போது, இஞ்சினின் விசை குறையாதிருக்கவே உயரம் மட்டும் குறையத் தொடங்கும். அவ்விறக்கம் தொடங்கிய இடத்தையும், விமானி அதனை உணர்ந்து திரும்பிய இடத்தையும் பதிவில் வினாடி வாரியாகக் காணலாம். இவ்விரு இடங்களுக்கும் இடைப்பட்ட காலமே பயிற்சியாசிரியர் ஆராய வேண்டியது. அந்த ஆய்வு தண்டனைக்குரியது என்ற அச்சம் மாணவருக்கு ஏற்பட்டால், அடுத்த பயணத்தில் கருவி அணைக்கப்பட்டுவிடும். பின்னர் ஆராய ஒன்றும் இராது.

செயற்கைக் கோளின் ஒலிபரப்பு வழியில் சந்திக்கும் தடைகளுள் அயனி மண்டலம் பெரியது. காந்த நடுக்கோடு திருநெல்வேலிச் சீமையை ஒட்டிச் செல்வதால் தென்னிந்திய வானில் அதன் கொந்தளிப்பு மிகுதி. சூரியன் மறைந்த பின்னர், சிறப்பாக மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டியும் சூரியப் புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளிலும், ஒலிபரப்பு விட்டுவிட்டு மங்கும். பதிவில் திடீர் இடைவெளிகள் விழும். இந்நாட்டில் கண்பார்வை விதிப்படி பறக்கும் விமானங்கள் சூரியன் மறைந்த 20 நிமிடத்துக்குப்பின் பறக்க இசைவில்லை. எனவே சிறு விமானிகளை இது அதிகம் தீண்டுவதில்லை. பகலில் எஞ்சும் பிழையைக் குறைக்க விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமும் விமான நிலைய ஆணையமும் இணைந்து ககன் என்னும் அமைப்பை நிறுவின. பெங்களூர், திருவனந்தபுரம் உட்பட 15 இடங்களிலுள்ள நிலையங்கள் பிழையை அளந்து அனுப்ப, ஜிசாட் கோள்கள் திருத்தத்தை ஒலிபரப்புகின்றன. 2022 ஏப்ரல் 28-ஆம் நாள் ராஜஸ்தானத்துக் கிஷன்கட் நிலையத்தில் இண்டிகோ நிறுவனத்தின் ஏ.டி.ஆர். விமானம் ஒன்று இதன் துணைகொண்டு இறங்கிக் காட்டிற்று. கையடக்கக் கருவிகளிற் பலவும் இத்திருத்தத்தை ஏற்க வல்லவை. அமைப்பில் அதனை இயக்கிவைத்தால் போதும்.

விமானம் ஏறும் வாய்ப்பு எல்லாப் பள்ளிகளுக்கும் கிட்டாது. ஆயினும் மேட்டூரிலிருந்து பாலாறு வழியாக மாதேஸ்வரன் மலைக்கு ஏறும் பேருந்தின் சன்னலோரத்தில் ஒரு கைப்பேசியை வைத்தாலும் இதே பாடத்தை நடத்தலாம். ஒரு வினாடிக்கு ஒரு புள்ளி வைத்து ஏறுவதும், முப்பது வினாடிக்கு ஒன்று வைத்து இறங்குவதும், பின்னர் இரு கோடுகளையும் ஒரே படத்தில் இட்டு எத்தனை வளைவுகள் மறைந்தன என்று எண்ணுவதும் ஒரு நாளைய வேலை. உயரத்தைச் சோதிக்க அரசாங்கமே ஊர்தோறும் இலவச ஏற்பாடு செய்து வைத்துள்ளது. ஒவ்வொரு ரயில் நிலையத்திலும் மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே கடல்மட்டத்துக்கு மேலான உயரம் எழுதப்பட்டிருக்கிறது. மேட்டூர் அணை நிலையத்திலோ சேலம் சந்திப்பிலோ அப்பலகையின் அடியில் கருவியைப் பத்து நிமிடம் அசையாமல் வைத்து, கோப்பிலுள்ள உயரத்தைப் பலகையின் எண்ணோடு ஒப்பிட வேண்டும். வேறுபாடு பத்திருபது மீட்டருக்குள் அடங்கினால் கருவி கடல்மட்டத்தைக் கூறுகிறது. 90-ஐ ஒட்டி நின்றால் அது கணித வடிவத்தைக் கூறுகிறது. எதுவாயினும் அதனைக் கருவியின் முதுகில் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட வேண்டும்.